டொல்பின் மேல் போட்ட பழி

கர்ப்பமாக இருக்கிறவள் டொல்பினோடு நீந்தலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். ஏன் கூடாது என்றும் விளக்கமாகச் சொல்வேன். இந்தப் பாடத்தை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை இல்ஃபோர்ட் கிளினிக்கில், கதிரையில் வசதியாக இருந்துகொண்டு. இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில், அடிவயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

அப்போது நாங்கள் லண்டனில், செவன் கிங்ஸில் இருந்தோம். நான், என் கணவன், அவனுடைய தாயான என் மாமி, மூன்று பேரும் ஒரே வீட்டில். அந்த நாட்களில் யாரிடம் பேசினாலும் அவனை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவன்’ என்று வருகிறது. திருத்தப் போவதில்லை.

அவன் நல்ல சிரித்த முகக்காரன். கோயிலில் அன்னதானம் என்றால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவான். கொண்டாட்டங்களில் கதிரை அடுக்குவது முதல் குப்பை கட்டுவது வரை அவன்தான். “நீ குடுத்து வைச்சனி பிள்ளை” என்று பெண்கள் என் கையைப் பிடித்துச் சொல்வார்கள். அவர்கள் பிடித்த அதே கையில், சட்டைக்கு உள்ளே, அவன் பிடித்த இடம் நீலமாக இருக்கும்.

எங்கே அடித்தால் உடுப்பு மறைக்கும் என்று அவனுக்குத் தெரியும். மேற்கையில், விலாவில், தொடையில். முகத்தில் ஒருநாளும் கை வைத்ததில்லை. கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று பிறகு இருந்து அழுவான். கோபத்தில் நீளுகிற கை இவ்வளவு கவனமாக இடம் பார்த்து விழுமோ என்று ஒருமுறை கேட்டேன். அதற்கும் விழுந்தது. நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அகப்பையால் திருப்பி அடித்திருக்கிறேன். ஒருமுறை அவன் மணிக்கட்டைக் கடித்து இரத்தம் வரப் பண்ணியிருக்கிறேன். அந்தக் காயத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் வேலையிடத்தில் நாய் கடித்தது என்று சொல்லிவிட்டான். கேட்டவர்கள் பாவப்பட்டார்கள்.

அதற்கு முன்னர் எனக்கு ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அந்த முறை சந்தோசம் தாங்காமல் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாதம் கலைந்தது. பலருக்கும் நடப்பதுதான், இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார் டொக்டர். மாமிக்குக் காரணம் தெரிந்திருந்தது. கோயிலில் என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று விசாரித்த, பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் கண் பட்டுவிட்டதாம். பாவம் அந்தப் பெண். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்க அவளை விடவில்லை.

ஆகவே இரண்டாம் முறை தங்கியபோது மாமி சட்டம் போட்டார்.

“அஞ்சு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்குடாது. என்ர மகளுக்கும் சொல்லக்குடாது.” பிறகு மகன் பக்கம் திரும்பி, காய்கறி வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னார். “நீயும் அதுமட்டும் கையை அடக்கிக்கொண்டு இரு.”

மாமிக்கு ஒன்றும் தெரியாது, மாடி அறைக்கு எங்கள் சத்தம் கேட்பதில்லை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். எல்லாம் கேட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தை விட மாமி மேல் வந்ததுதான் கூட.

அவன் கையை அடக்கினான். நாலாம் மாதம் வரை வீட்டில் ஒரு தட்டுக்கூட உடையவில்லை. நான் வாந்தி எடுத்தேன், தூங்கினேன், எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். என் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்தப் பிள்ளை தங்க வேண்டும். என் உடம்பில் வேறு எங்கே என்ன நடந்தாலும் பரவாயில்லை, இது தங்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நோர்பரியில் இருக்கும் அவனுடைய அக்கா, என் மச்சாள், தன் நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து வெயில் நாடொன்றுக்குப் போவதாக முடிவெடுத்தார். கடலோரத்தில் ஹோட்டல். அங்கே ஒரு பெரிய குளத்தில் டொல்பினோடு நீந்தலாம். மச்சாளுக்கு அதுதான் பிறந்தநாளே. “எல்லாரும் இறங்கோணும். சாட்டு ஒண்டும் சொல்லக்குடாது” என்று ஃபோனில் சொன்னார். என் பெயரையும் அவரே சேர்த்து எல்லாம் பதிந்தும்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு என்ன தெரியும்? இல்ஃபோர்ட் நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் திறக்கும் நேரத்தில் அவரைக் கூட்டிப்போய் மிதக்கப் பழக்கியவளே நான்தான். நான் முதல் ஆளாகக் குதிப்பேன் என்று நினைத்திருப்பார்.

அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் கேட்டேன். அவனும் பக்கத்தில் இருந்தான். என்னை எந்தக் கிளினிக்குக்கும் தனியே விட்டதில்லை. நல்ல கணவன் என்று அங்கேயும் பெயர்.

மிட்வைஃப் இளம்பெண். கேள்வியைக் கேட்டதும் முதலில் சிரித்தார், பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். நீந்துவது நல்லது, குளத்துக்குத் தாராளமாகப் போகலாம். டொல்பின் அப்படி இல்லை. அதன் எடை மூன்று நாலு ஆம்பிளைகளின் எடை. விளையாட்டுக்கு மூக்கால் இடித்தாலே விலா நோகும். வாலால் அடித்தால் கேட்கவே வேண்டாம். அடி வயிற்றில் பட்டால் பிள்ளைப்பையிலிருந்து நச்சுக்கொடி விலகலாம், இரத்தம் போகலாம். அது எப்போது குழம்பும் என்று பழக்கினவனுக்கே தெரியாது. தண்ணீரால் கிருமி தொற்றும் பயம் வேறு. ஒழுங்கான இடங்களில் கர்ப்பிணிகளை இறங்கவே விடமாட்டார்கள். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். அது சிரிப்பது போல இருக்கும், அதை நம்பாதே, அதன் தாடை அமைந்த விதம் அப்படி.

அவன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். இரண்டொரு கேள்வியும் கேட்டான். இவ்வளவு அக்கறையாக அவன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து நடக்கும்போது சொன்னேன்.

“கேட்டனீங்கள்தானே. நான் இறங்க மாட்டன்.”

“ஆர் உம்மை நீந்தச் சொன்னது? இறங்கி நிண்டு ஒரு படம் எடுத்தால் காணும்.”

“நிக்கேக்க வந்து இடிச்சால்?”

“அப்ப என்ன காரணம் சொல்லப் போறீர்? பிள்ளை எண்டு சொல்ல ஏலாது. அம்மா விடமாட்டா.”

“தண்ணிப் பயம் எண்டு சொல்லுறன்.”

அவன் சிரித்தான். சிரிக்கத்தான் வேண்டும். பருத்தித்துறையில் கடலுக்கு முன்னால் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர்ப் பயம் என்றால் யார் நம்புவது? மாமியிடம் கேட்டோம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வாயை மட்டும் திறக்காதே என்றார். ஊரார் கண்ணுக்குப் பயந்து, அந்தப் பிள்ளையை டொல்பின் வாலுக்கு முன்னால் நிறுத்தவும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

அங்கே போனோம். குளக்கரையில் வைத்துப் பயிற்சிக்காரன் எல்லோரையும் பார்த்து, கர்ப்பிணிகள் யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டான். மச்சாள் சிரித்துக்கொண்டு இல்லை என்றார். என் கணவன் என்னைப் பார்த்தான். மாமி என்னைப் பார்த்தார். நான் போய் வாங்கில் உட்கார்ந்தேன். எல்லோருடைய செருப்பையும் கைப்பைகளையும் பக்கத்தில் அடுக்கினேன். எனக்குத் தலை சுத்துது, நீங்கள் நீந்துங்கோ என்றேன்.

மச்சாள் கூப்பிட்டார். மச்சாளின் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சிரித்தபடி, வா என்று கையைக் காட்டினான். நான் அசையவில்லை. அப்போது மச்சாளின் கணவர், பகிடிக்குத்தான், உரத்துச் சொன்னார். “டொல்பினே விசிலடிச்சாச் சொல்லுக் கேக்குது மச்சான். உன்ர மனிசி கேக்கிறா இல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கதவு சாத்தும்வரை இருக்கும் சிரிப்பு அது.

டொல்பின்களைக் கிட்டத்தில் பார்த்தேன். முதுகெல்லாம் கீறல், சீப்பால் இழுத்தது போல வரி வரியாக. ஒன்றையொன்று பல்லால் கீறியது என்று பயிற்சிக்காரன் சொன்னான். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குளத்தின் மற்ற மூலையில் ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் முழு வேகத்தில் போய் இடித்தது. சத்தம் கரைக்குக் கேட்டது. இடி வாங்கியது சுவரோரமாக ஒதுங்கிப் போய் அசையாமல் நின்றது. என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

மீதி நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை. ஹோட்டல் அறைச் சுவர் மெல்லியது, அடுத்த அறையில் அக்கா. அதனால் தப்பினேன்.

லண்டனுக்குத் திரும்பிய அன்று பின்னேரம், பெட்டிகள் இன்னும் நடையில் கிடந்தன. மாமி மேலே குளித்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். குடும்பக் குரூப்பில் மச்சாள் படங்களைப் போட்டிருந்தார். எல்லோரும் டொல்பினைக் கட்டிப்பிடித்தபடி, ஓரத்தில் நான் செருப்புகளுக்கு நடுவில். கீழே அவருடைய கணவர் விசில் படம் ஒன்றைப் போட்டு, சிரிக்கிற முகங்களும் போட்டிருந்தார். அவன் ஃபோனோடு குசினிக்குள் வந்தான்.

“சந்தோசமோ உனக்கு?”

வெளியாட்களுக்கு முன்னால் ‘நீர்’, வீட்டுக்குள் கோபம் வந்தால் ‘நீ’. எனக்கு விளங்கிவிட்டது.

“என்னத்துக்கு?”

“எல்லாருக்கும் முன்னால என்னை நாயாக்கிப்போட்டாய்.”

“பிள்ளைக்காண்டித்தான் இறங்கேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே.”

“பிள்ளையைச் சாட்டாத. உனக்குத் திமிர்.”

வாயை மூடியிருக்கலாம். இன்றைக்கும் சில பெண்கள் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள். நான் மூடவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

“ஓம், திமிர்தான். டொல்பின் விசிலுக்குச் சொல்லுக் கேக்கிறது ஏன் தெரியுமோ? பழக்கிறவன் மீன் குடுக்கிறான். நீங்கள் எனக்கு என்ன குடுக்கிறியள்?”

முடியைப் பிடித்து என் தலையை அலுமாரிக் கதவில் மோதினான். அரிசிச் சட்டி கவிழ்ந்து தண்ணீரும் அரிசியும் என் மேல் கொட்டின. நிமிர்ந்த வேகத்தில் சட்டி மூடியால் அவன் காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். காது பிளந்திருக்க வேண்டும், கையை வைத்துப் பார்த்தான், இரத்தம். அதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி ஏறிவிட்டது. என் இரண்டு தோளையும் பிடித்துச் சுவரோடு சாத்தி, முழங்காலைத் தூக்கி அடிவயிற்றில் ஏற்றினான்.

நாலாம் மாதம் வரை அடக்கிய கை இல்லை அது. காலைப் பற்றி மாமி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

நான் அரிசிக்குள் விழுந்தேன். மூச்சு வரவில்லை. சுருண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினேன். அடுத்த உதை விரல்களில் விழுந்தது. ஒரு விரல் மடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கடுத்ததும் விரல்களில்தான். கையை எடுக்கவே இல்லை. விரல் எல்லாம் முறிந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். “அடியடா, கையில அடி, வேற எங்கயும் அடியாத” என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். அவனை ‘அடா’ என்றது அதுதான் முதல் தடவை.

மாமி ஈரத்தலையோடு இறங்கி வந்தார். வந்தவர் முதலில் செய்தது குசினி யன்னல் திரையை இழுத்து விட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரி தோட்டத்தில் நிற்கிறாளாம். திரையை இழுத்த பிறகுதான் குனிந்து என்னைப் பார்த்தார். என் காலோடு இரத்தம் வழிந்து அரிசி சிவந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

“அஞ்சு மாசம் முடியட்டும் எண்டு சொன்னனான்தானே” என்றார் அவனிடம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் அழுதான். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் என் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் கண்ணைத் துடைத்தான். காதில் ஒட்டிய பிளாஸ்டரைக் கண்ணாடியில் சரிபார்த்தான். “நான் கதைக்கிறன். நீர் பேசாமல் இரும்” என்றான். பழையபடி ‘நீர்’.

கர்ப்பிணிகள் பிரிவில் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வந்த தாதி வயதானவர், பெரிய உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. என்ன நடந்தது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவன் பதில் சொன்னான். நேற்று முன்தினம் விடுமுறைக்குப் போன இடத்தில் டொல்பினோடு நீந்தினாளாம். அது வாலால் வயிற்றில் அடித்துவிட்டதாம்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, நம்பமாட்டீர்கள், சிரிப்பு வந்தது. வலியில் அது முனகலாகத்தான் வெளியே வந்தது. மிட்வைஃப் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தான். மூன்று நாலு ஆம்பிளைகளின் எடை, வால், குழம்பினால் அடிக்கும். கோயில் பெண்ணின் கண், வேலையிடத்து நாய், இப்போது டொல்பின். அவர்கள் வீட்டில் பழி எப்போதும் எங்கேயாவது வெளியேதான் போய் விழும்.

தாதி என்னைக் கடிந்துகொண்டார். நாலு மாதத்தில் இது தேவையா பிள்ளை, அது விளையாட்டுச் சாமான் இல்லை, பலமுள்ள மிருகம், சினேகமாக இருக்கும், திடீரென்று அடிக்கும், பழகினவர்களையும் அடிக்கும், கிட்டப் போயிருக்கவே கூடாது என்றார். அவன் சோகமாகத் தலையாட்டினான்.

“நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இவள் சொல் கேட்கமாட்டாள்” என்றான் ஆங்கிலத்தில்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உதைத்ததைவிட அது சுட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவன் என் கையைப் பிடித்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு ஆறுதல். உண்மையில் முறிந்த விரலைத் தேடிப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தான். பயம் அது மட்டுமில்லை. உள்ளே பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றால் நான் யாருக்காகப் பேசுவது என்று மூளை மரத்துப்போய்க் கிடந்தது.

தாதி என் சட்டையை உயர்த்தினார். வயிற்றைப் பார்த்தார். அடி பட்ட இடம் செக்கச்செவேல் என்று இருந்தது, நீலம் இன்னும் வரவில்லை. இரண்டு நாள் பழைய அடி அப்படி இருக்காது. அது எனக்கே தெரியும், அடி வாங்கிப் பழகியவளுக்கு. தாதி என் தலைமயிரை ஒதுக்கி நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். மயிருக்குள்ளிருந்து எதையோ விரலால் எடுத்தார். ஊறிய அரிசி. இன்னொன்று காதுக்குப் பின்னால். இரண்டையும் பக்கத்தில் இருந்த தட்டில் வைத்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். பிறகு அவன் காதைப் பார்த்தார்.

ஸ்கானுக்கு முதலில் தாயை மட்டும்தான் கூட்டிப்போவோம், நீங்கள் வெளியே இருங்கள் என்றார் அவனிடம். அவளுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றான். ஃபோனில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று சொல்லிக் கட்டிலைத் தள்ளத் தொடங்கினார். அவன் என் கையை விடவில்லை. தாதி நின்று, அவன் விரல்களைப் பார்த்தபடி, விடும்வரை காத்திருந்தார். அவர் அவனை விடப் பெரிய ஆள். விட்டான்.

சின்ன அறை. கதவில் நீள்சதுரக் கண்ணாடி. வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசிக் கருவியை வைத்தபோது நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. கருவி வலிக்கும் இடத்தில் அமர்ந்து, நகர்ந்து, திரும்ப அமர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே அவன் தலை தெரிந்தது. எட்டிப் பார்த்துச் சிரித்தான், எல்லாம் சரியா என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு சத்தம் வந்தது. கடகடவென்று, அவசரமாக, எங்கேயோ ஓடுகிற காலடி போல.

நான் வாய்விட்டு அழுதேன். தாதி சத்தத்தை நிறுத்தவில்லை, ஓட விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஸ்கான் திரையைப் பார்த்தபடியே, டொல்பின் எந்தப் பக்கத்தால் வந்து அடித்தது என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாத பிள்ளை அது. மூச்சு விடக்கூடாது என்று வளர்த்த பிள்ளை. அதன் இதயம் இவ்வளவு சத்தமாக அடித்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் ஏன் சத்தமில்லாமல் கிடக்க வேண்டும்?

“நான் தண்ணீரில் இறங்கவே இல்லை” என்றேன், எனக்கு வராது என்று அவன் சொன்ன ஆங்கிலத்தில். “காலைக்கூட நனைக்கவில்லை. நாங்கள் இன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தோம். இது குசினியில் நடந்தது.”

தாதி என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்க் கதவை உள்ளே பூட்டினார். பிறகு கண்ணாடி மேல் இருந்த திரையை இழுத்து விட்டார்.